பொட்டு வைத்த போன்

“தொட்டது யாருடி? அதை மட்டும் சொல்லு. என் போனை யாரு தொட்டது?”

“சத்தம் போடாதீங்க. தண்ணி வர்ற நேரம், ஆளுக பார்க்கறாங்க.”

“பார்க்கட்டும்! அஞ்சு நாளா என் போன் ஊமையா எந்திரிக்குது. ஒலியே இல்லை. நெஞ்சுக்குள்ள யாரோ உட்கார்ந்து பஞ்சு சீவறாப்ல இருக்குது. உனக்குத் தெரியுமாடி அது எப்படின்னு?”

“தெரியலைங்க,” என்றாள் குணவதி. உண்மையைத்தான் சொன்னாள்.

காலை ஐந்தே முக்கால். சி பிளாக், இரண்டாம் மாடி. நான் குடத்தோடு வராந்தாவில் நின்றிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எதிர் வீடு, கதவு திறந்திருந்தது. காதைக் கழற்றி ஆணியில் மாட்டி வைக்கிற வசதி இன்னும் வரவில்லை.

என்னோடு மாடியே வெளியே வந்து நின்றது. பின்னே? ஆறு வருஷத்துக்கு அப்புறம் ஒரு சண்டை. மேல் மாடியிலிருந்து வாய் நிறையப் பற்பசை நுரையோடு இறங்கி வந்தவர்கள்கூட உண்டு. வந்தார்களே தவிர, ஒருவர் முகத்திலும் ஒன்றுமில்லை. கல்யாண வீட்டுக்குத் தேதி மாறி வந்தவர்கள் போல நின்றார்கள்.

முன்பெல்லாம் இந்தக் குடியிருப்பில் எனக்கு வேலைக்குக் குறைவே கிடையாது. யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மருமகள் எந்த மாமியார் சொன்ன எந்தச் சொல்லை எத்தனை வருஷமாக முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள், எல்லாம் வசந்தாமணியைக் கேட்டால் தெரியும் என்பார்கள். வசந்தாமணி நான்தான். அப்புறம் இந்தப் போன்கள் வந்தன. மில்லில் வேலை பார்க்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டு ஆட்களுக்கும் ஒரே மாதிரி, ஒரே நீல உறை போட்டு, ஜோடி ஜோடியாகக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் மில்லில் இருந்து செத்தவர் என்பதால் எனக்கும் ஒன்று. ராத்திரி பத்துக்குத் தானாக அணையும். காலை ஐந்தரைக்குத் தானாக எழும். எழும்போது இரண்டரை விநாடி நீளத்துக்கு ஒரு ஒலி. மணியும் இல்லை, குழலும் இல்லை. வெண்கலத் தட்டைத் தண்ணீருக்குள் வைத்துத் தட்டினால் எப்படியிருக்குமோ அப்படி. அதைக் கேட்டு எழுந்தால் நேற்று நடந்தது நேற்றோடு நின்றுவிடும். மறக்காது. குத்தாது, அவ்வளவுதான்.

ஒரே வருஷத்தில் இங்கே எல்லோரும் எல்லோரோடும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் பிழைப்பு போயிற்று. யாரைப் பற்றி யாரிடம் என்ன கொண்டுபோய்ச் சொன்னாலும், “ஆமாங்க்கா, அப்படித்தான் நடந்துச்சு” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கிறார்கள். போனுக்குப் பூட்டுப் போடுகிற வழக்கமே நின்றுபோனது. புருஷன் போனில் பெண்டாட்டி எதைப் பார்த்தாலும் காலையில் ஆறிவிடும், அப்புறம் பூட்டு எதற்கு? பார்க்கும்போது “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் “ஒலி கேட்டாச்சா?” என்று கேட்டார்கள். “ஆச்சு” என்றால் நன்றாயிருக்கிறோம் என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட இடத்தில்தான் தேவராஜ், மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர், சத்தமாக நடக்கக்கூடத் தெரியாத மனுஷன், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

“வசந்தாமணி அக்காதானுங்க தொட்டாங்க,” என்றாள் குணவதி.

மாடியே திரும்பி என்னைப் பார்த்தது. நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

“என்னோடதை நிறுத்தச் சொன்னேன். அக்கா மாத்தி உங்களோடதை நிறுத்திட்டாங்க போல. என்னோடது தினமும் அடிச்சிட்டுத்தான் இருக்குது. உங்ககிட்டச் சொல்லோணும்னு மூணாம் நாளே நினைச்சேன். காலையில எந்திரிச்சா பரவாயில்லைன்னு தோணிடுச்சு.” ரேஷனில் சர்க்கரை வரவில்லை என்று சொல்கிற குரல்.

தேவராஜ் என் பக்கம் வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. சிவந்த கண்ணைப் பார்த்தே எவ்வளவு காலமாயிற்று என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

“ஏனுங்க்கா, நிசமா?”

“போன் ரெண்டும் ஒரே மாதிரி, தம்பி. ஒண்ணுல மட்டும் சந்தனப் பொட்டு இருந்துச்சு. பொட்டு வச்சது பொம்பளை போனுன்னு நினைச்சுட்டேன்.”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நியாயமான தப்பு. யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். தண்ணீர் வந்தது, கலைந்து போனார்கள்.

குணவதி ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவளுக்குக் கதிரேசன் என்று ஒரு தம்பி. இவர்களோடுதான் இருந்தான். அதே மில், மாமன் பார்க்கிற அதே ஷிப்ட். இருபத்துநாலு வயசு. மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறுவான், நான் திட்டுவேன். போன வருஷம் பஞ்சு சீவுகிற மெஷினில் சிக்கிச் செத்துப் போனான். மெஷின் ஓடும்போது அவனாகவே மூடியைத் திறந்தான், மில் மேல் தப்பில்லை என்று சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டான். சூப்பர்வைசர் என்றால் யார்? இந்தத் தேவராஜ்தான். போட்ட அன்றே வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொல்லியும் விட்டான். அவள் அன்று ராத்திரி சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். காலையில் ஐந்தரைக்கு எழுந்து இட்லி ஊற்றினாள். எனக்கும் நாலு கொடுத்தனுப்பினாள். பஞ்சு மாதிரி இருந்தது. இட்லியைச் சொல்கிறேன்.

பதினோரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். தாளின் பின்பக்கம், “வசந்தாமணி அக்காவிடம் சொல்ல வேண்டும்” என்று அவள் கையெழுத்து.

“அக்கா, எனக்கு அழுகை வரோணும்,” என்றாள்.

“எதுக்கு?”

“இருபத்தஞ்சாம் தேதி அவனுக்கு வருஷத் திதி. ஒரு வருஷமா அவனுக்காக நான் ஒரு சொட்டு விடலை. கூடப் பொறந்தவ நான் ஒருத்திதான். அன்னிக்காவது அழுகோணும்.”

“ஒலியை நிறுத்தினா தானா வந்துட்டுப் போவுது. அமைப்புக்குள்ள போயி, சத்தம்ங்கறதுக்குள்ள போயி, கடைசியில தொடக்க ஒலின்னு ஒரு வரி இருக்குது. தட்டினா அணைஞ்சிடும்.” எனக்கு இதெல்லாம் தெரியும். எல்லாரும் பார்க்காமல் விடுகிற மூலைகளைப் பார்க்கிறதுதானே நமக்குப் பழக்கம்.

“என்னால முடியலைங்க்கா. பகல் முச்சூடும் ஒண்ணும் தோணறதில்லை. ராத்திரி ஒம்பதரைக்குத்தான், நிறுத்தோணும்னு லேசா ஒரு நினைப்பு வருது. எந்திரிச்சுப் போறதுக்குள்ள பத்து மணியாகி போன் அணைஞ்சிடுது. காலையில ஒலி கேட்டதும் அந்த நினைப்பும் ஆறிப் போயிடுது. நேத்து ராத்திரி எழுதி வச்சதாலதான் வந்தேன். இப்பக்கூட எனக்கு ஒண்ணும் அவசரமாத் தெரியலை.”

“போனைக் குடு, இப்பவே நிறுத்தறேன்.”

“வேண்டாங்க்கா. நான் பார்த்துட்டிருந்தா எதுக்கு வம்புன்னு வாங்கிட்டுப் போயிடுவேன். ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போறேன். போனைச் சார்ஜுல போட்டுட்டுப் போறேன். அவர் குளிக்கற நேரமாப் பார்த்து நீங்களே பண்ணிடுங்க. என் போன் எதுன்னு தெரியுமில்ல?”

“எனக்குத் தெரியாததா?” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் இந்தச் சண்டைக்கு விதை.

தண்ணீர் பிடித்து முடித்ததும் தேவராஜ் போனைத் தூக்கிக்கொண்டு முக்கு ரோட்டில் சாமுவேல் கடைக்கு ஓடினான். மில் போன்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரே ஆள் சாமுவேல்தான். வீடும் கடையும் ஒன்றென்பதால் எந்நேரமும் திறந்திருக்கும். குணவதி பின்னால் போனாள். எனக்கும் அந்தப் பக்கம் கொத்தமல்லி வாங்க வேண்டியிருந்தது.

சாமுவேல் போனை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“திருப்பிப் போட முடியாதுங்கண்ணா. நாப்பத்தெட்டு நாள் ஆகோணும்.”

“என்ன கணக்கு இது? கோயிலுக்கு விரதமா இருக்கேன்?”

“இந்த ஒலி எல்லாருக்கும் ஒண்ணு மாதிரி கேட்டாலும் ஒண்ணு இல்லீங்க. இது உங்க காதுக்குன்னு தச்ச சட்டை. உங்க வீட்டு அக்கா போன்ல அடிக்கறது உங்களை ஒண்ணும் பண்ணாது. நிறுத்தினீங்கன்னா அளவு போயிடும். மறுபடி அளவெடுக்க அதுக்கு நாப்பத்தெட்டு நாள் உங்களைச் சும்மா கேட்டுட்டு இருக்கோணும்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் பழையபடி மனுஷனா இருக்க வேண்டியதுதான்.” சாமுவேல் சிரித்துப் பார்த்தான். யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். “நேத்து நடந்தது மேல இந்த ஒலி போர்வையைப் போத்தி மூடுதில்லீங்களா, அது ஒண்ணையும் எடுத்துட்டுப் போறதில்லைங்க. உள்ள இருக்குது. போர்வை விலகினா மேல இருக்கறதுல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா எந்திரிக்கும். எட்டு நாள்ல எல்லாம் வந்துடும்.”

“ஆறு வருஷமுமா?”

“ஆறு வருஷமும்.”

தேவராஜ் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டான். குணவதி, “வாங்க, இட்லி ஆறுது,” என்றாள்.

அன்று சாயங்காலம் அவன் வேலைக்குப் போகவில்லை. என் வீட்டு ஜன்னலும் அவர்கள் வீட்டு ஜன்னலும் நேருக்கு நேர். நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு கட்டுக் கொத்தமல்லியை ஒன்றரை மணி நேரம் ஆய்ந்தது அன்றைக்குத்தான்.

“குணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லலை,” என்றான்.

“சொல்லுங்க.”

“மூடி தானா திறந்துக்குதுன்னு கதிரேசன் என்கிட்டச் சொன்னான். மாமா, கொக்கி நிக்கறதில்லை, மெஷினை நிறுத்துங்கன்னான். இந்த ஷிப்ட் முடியட்டும்டான்னேன். அவன் திறக்கலை. அது தானா திறந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்.”

“அப்படிங்களா.”

“அப்படிங்களாவா? என்னைத் திட்டு, குணா. ஒரு வார்த்தை திட்டு. எதையாவது எடுத்து அடி.”

அவள் கையில் கரண்டி இருந்தது. அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “உங்க மேல கோவம் வரோணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்குது. வர மாட்டேங்குது. நாளைக்குத் திதிக்குச் சாமான் எழுதோணும், நீங்க சொல்றீங்களா, நான் எழுதட்டுமா?”

அவன் தரையில் உட்கார்ந்து அழுதான். ஆம்பளை அழுகை என்பது எப்படியிருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இருமல் என்று முதலில் நினைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அழுகிறவனுக்கு என்ன செய்வது என்று தெரியாமல், ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் அவன் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்குப் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள் மில்லில் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் யாரும் அவனைத் தப்பாகவும் பேசவில்லை, நல்லபடியாகவும் பேசவில்லை. “எழுதிக் குடுத்துட்டானாம்” என்றார்கள். “அப்படியா” என்றார்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கே இன்னொன்றும் செய்தான். குணவதி குளிக்கப் போயிருந்தாள். சார்ஜில் கிடந்த அவள் போனை எடுத்தான். நான் ஜன்னலில் இருந்தேன், அவனும் என்னைப் பார்த்தான்.

“எங்க இருக்குதுங்க்கா அந்த வரி?”

“நல்லா யோசிச்சுக்க தம்பி. அவளுக்கு எல்லாம் வந்துச்சுன்னா, உன்கூட இருக்க மாட்டா.”

“தெரியும்ங்க.”

“அப்பறம் எதுக்கு?”

“அழுகோணும்னுதானே கேட்டா. என்கிட்டக் கேக்க அவளுக்குத் தோணலை, உங்ககிட்டக் கேட்டிருக்கா. நான் குடுத்ததா இருக்கட்டும்.”

வழியைச் சொன்னேன். தட்டினான். அப்புறம் அந்தப் போனை, சூடான பாத்திரத்தை வைக்கிற மாதிரி மெதுவாக வைத்தான்.

திதிக்குப் பேரூர் படித்துறைக்குப் போனோம். குடியிருப்பிலிருந்து ஒரு முப்பது பேர் இருக்கும். பிண்டம் வைக்கிற வரைக்கும் குணவதி நன்றாகத்தான் இருந்தாள். ஐயர், “பேர் சொல்லுங்கோ,” என்றார். “கதிரேசன்” என்று வாயைத் திறந்தவள், கதி என்பதோடு நின்றாள்.

அப்புறம் வந்தது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. படித்துறையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. முப்பது பேரும் நின்ற இடத்தில் நின்றோம். அழுகிறவளை எந்தப் பக்கம் பிடிப்பது, தோளையா, கையையா, என்பதே எங்களுக்குக் கைவிட்டுப் போயிருந்தது. ஒருத்தி கைக்குட்டையை நீட்டினாள். ஒருவர் மணி பார்த்தார். தேவராஜ் மட்டும் அவளுக்கு எதிரில், எட்டினால் அடி விழுகிற தூரத்தில், மண்டி போட்டு உட்கார்ந்தான்.

“அவன் சொன்னானில்ல? கொக்கி நிக்கறதில்லைன்னு சொன்னானில்ல?”

“சொன்னான்.”

“மாமான்னுதானே கூப்பிட்டான்?”

“மாமான்னுதான் கூப்பிட்டான்.”

இதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அவனும் திரும்பத் திரும்பச் சொன்னான். ஐயர் எங்களை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நாலாம் நாள் குணவதி பல்லடத்துக்குப் புறப்பட்டாள். அங்கே அவள் சித்தி மகள் தையல் யூனிட் வைத்திருக்கிறாள். இரண்டு பெட்டி, ஒரு கிரைண்டர், கதிரேசனின் செருப்பு ஒரு ஜோடி. ஆட்டோ கீழே நின்றது. என் வீட்டு வாசலுக்கு வந்தாள். முகம் வீங்கிக் கிடந்தது. ஆனால் முகம் என்று ஒன்று இருந்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கோணும்.”

“கேளு கண்ணு.”

“எங்க வீட்ல ஆயுத பூஜைக்குத் தொழில் சாமானுக்குத்தான் பொட்டு வைப்போம். அவர் போன்ல மில் வருகைப் பதிவு இருக்குதுன்னு அதுக்கு மட்டும் வச்சோம். என்னோடதுக்கு வைக்கலை.”

“ம்.”

“அன்னிக்கு எங்க வீட்ல உட்கார்ந்து சந்தனம் குழைச்சது நீங்கதானே? அந்தப் பொட்டை வச்சதும் நீங்கதானே?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லவும் ஒரு பயம் வேண்டுமல்லவா? அது எனக்கு இல்லை.

“ஆமா, நான்தான்.”

“அப்ப எது யார் போனுன்னு தெரியும்.”

“தெரியும்.”

“ஏனுங்க்கா?”

“நீ அழுதா நீ ஒருத்திதான் அழுவே. அவன் எந்திரிச்சா என்னென்ன வரும்னு பார்க்கலாமேன்னு இருந்துச்சு. ஆறு வருஷமா இங்க ஒண்ணுமே நடக்கலை, குணா.”

அவள் என்னைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு உள்ளே எங்கேயோ ஏதோ திரும்பிப் படுத்தது போல இருந்தது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், அவள் இறங்கிப் போனாள். அன்று ராத்திரி ஒன்பதரைக்கு அந்தப் பார்வை கொஞ்சம் தொந்தரவு பண்ணியது. பத்து மணிக்குப் போன் அணைந்தது. காலை ஐந்தரைக்கு ஒலி கேட்டாச்சு. பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. புருவம், கண், ஓரத்தில் ஒட்டியிருந்த முடி வரைக்கும். ஒன்றும் செய்யவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் தேவராஜ் போனை எடுத்துக்கொண்டு வந்தான். தாடி வளர்ந்து ஆள் பாதியாகியிருந்தான்.

“காணாமப் போயிருந்த தொடக்க ஒலி வரி திரும்ப வந்துடுச்சுங்க்கா. இப்பத் தட்டினா?”

“நாளைக் காலையிலிருந்து நிம்மதி.”

“அவ போனதுகூட வலிக்காதா?”

“போனாங்கறது தெரியும். வலிக்காது.”

விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றான். எதிரில் தோசைக்கல் காய்ந்தது. நான் தோசை ஊற்றி, திருப்பி, எடுத்து, அவனுக்கு ஒரு தட்டில் வைத்தேன். அதற்குள் போனைச் சட்டைப் பையில் போட்டிருந்தான். தட்டவில்லை. தோசையையும் தொடவில்லை.

அடுத்த வாரமே அவனும் பல்லடத்துக்குக் குடி போய்விட்டான். விசைத்தறிக் கூடத்தில் வேலை, குணவதி இருக்கிற தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை. காலையில் அவள் யூனிட்டுக்குப் போகிற வழியில் போய் நிற்கிறானாம். அவள் நடுத்தெருவில் வைத்து வாய்க்கு வந்தபடி திட்டுகிறாளாம். திட்டி முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு வேலைக்குப் போகிறானாம். ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல், வரவில்லை. அவள் இரண்டு தெருவும் நடந்து போய், கதவைத் தட்டித் திட்டிவிட்டு வந்தாளாம். சாமுவேல் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். சாமுவேலுக்குப் பெண் எடுத்தது பல்லடத்தில், போன ஆவணியில் அவன் கல்யாணம். பந்தியில் குணவதியும் தேவராஜும் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

எதிர் வீட்டுக்குத் தை மாதத்தில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்திருக்கிறது. பையன் மில்லில் எலெக்ட்ரீஷியன். அந்தப் பெண்ணுக்குப் பெயர் நறுமுகை, அவிநாசிப் பக்கம். வந்த மறுநாளே இரண்டு போனையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, ஒலி கேட்டாச்சுங்களா?”

“ஆச்சு கண்ணு.”

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது. எது யாருதுன்னே தெரிய மாட்டேங்குது. என்ன பண்றதுங்க்கா?”

“பொட்டு வச்சுக்க,” என்றேன்.

“யாரோடதுக்குங்க?”

அலமாரியில் சந்தனக் கட்டையைத் தேடி எடுத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். கையை நீட்டினேன்.

“குடு, நானே வச்சு விடறேன்.”